கணினி விளையாட்டு வடிவமைப்பில் ஆய்வுப் பட்டம்: பேராதனையிலிருந்து ஒரு பாதை

கணினி விளையாட்டில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது? உயர்தரத்தில் நல்ல பெறுபேறு பெற்று, பல்கலைக்கழகப் பட்டத்தையும் முடித்த ஒரு பிள்ளை, அடுத்ததாகக் கணினி விளையாட்டு வடிவமைப்பிலே பட்டப்பின் ஆய்வு செய்யப்போவதாகக் கூறினால், கண்டியிலும் அக்குறணையிலும் கம்பளையிலும் உள்ள பெரும்பாலான வீடுகளில் எழக்கூடிய முதற் கேள்வி இதுவாகவே இருக்கும். பிள்ளைகள் இரவு பகலாகக் கையடக்கத் தொலைபேசியைத் தடவிக் கொண்டிருப்பதைக் கண்டு மனம் நொந்திருக்கும் பெற்றோர், அதற்கு ஒரு பட்டமும் உண்டென்றால் வெகுண்டெழுவது இயல்பே. ஆனால் அக்கேள்வியைக் கோபத்தோடு கேட்டுவிட்டு நகர்ந்துவிடாமல், அதற்குரிய விடையையும் நாம் தேடிப் பார்ப்பது அவசியமாகும். ஏனெனில் ஓர் இளைஞரின் அல்லது யுவதியின் வாழ்வில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளும், ஒரு குடும்பத்தின் சேமிப்பும் அந்த விடையிலேயே தங்கியிருக்கின்றன.

முதலில் ஒரு வரலாற்றுச் செய்தியைக் குறிப்பிட வேண்டும். இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு இடம்பெயர்ந்த 1952ஆம் ஆண்டிலேயே, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஏ. எஸ். டக்ளஸ் என்ற ஆய்வு மாணவர் 'எட்சாக்' என்னும் கணினியில் ஒரு விளையாட்டை அமைத்தார். ஒன்பது கட்டங்களில் புள்ளடியும் வட்டமும் இட்டு ஆடும், நம் பிள்ளைகளும் கொப்பியின் பின்பக்கத்தில் ஆடும் எளிய ஆட்டமே அது. ஆடுபவர் தொலைபேசியின் சுழல்தட்டைச் சுழற்றித் தமது கட்டத்தைத் தெரிவு செய்வார். கணினி தனது பதிலைச் சிறு திரையிலே காட்டும். உலகின் மிகப் பழைய கணினி விளையாட்டுகளுள் ஒன்றாக எண்ணப்படும் இது, பொழுதுபோக்குக்காகவோ வியாபாரத்துக்காகவோ செய்யப்பட்டதன்று. மனிதனும் கணினியும் ஒருவரோடொருவர் எவ்வாறு ஊடாடுகின்றனர் என்பதை விளக்கும் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டின் ஒரு பகுதியாகவே அது உருவானது. அன்று கேம்பிரிட்ஜில் விளையாட்டு வடிவமைப்புக்கென ஒரு துறை இருக்கவில்லை. இருந்தது ஒரு கேள்வி. அக்கேள்விக்கு விடை காணும் கருவியாக ஒரு விளையாட்டு.

இவ்விடத்திலேதான் இக்கட்டுரையின் மையக் கருத்தும் அமைந்துள்ளது. ஆய்வுப் பட்டம் என்பது விளையாட்டு ஒன்றைச் செய்து முடித்தமைக்கான சான்றிதழ் அன்று. இதுவரை எவரும் சரிவர விடை காணாத ஒரு கேள்வியை எழுப்பி, அதற்குப் பிறர் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு விடையைத் தருவதே அதன் பணி. ஆதலால் இத்துறையில் இறங்க விரும்புவோர் முதலில் தேட வேண்டியது மென்பொருளையோ வெளிநாட்டு விசாவையோ அன்று. தமது கேள்வியையே ஆகும்.

ஒரு துறையாக வளர்ந்த விதம்

கணினி விளையாட்டு ஆய்வு ஒரு தனித்துறையாக உருப்பெற்று கால் நூற்றாண்டே ஆகின்றது. நோர்வே நாட்டவரான எஸ்பன் ஆர்செத் என்ற அறிஞரின் முன்முயற்சியால் 2001ஆம் ஆண்டில் இதற்கென ஓர் ஆய்விதழ் இணையத்தில் தொடங்கப்பட்டது. 2003இல் ஆய்வாளர்களுக்கான சர்வதேசச் சங்கமொன்று உருவானது. அதே ஆண்டில் கொபன்ஹேகன் தகவல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜெஸ்பர் யூல், விதிகளுக்கும் கற்பனை உலகுக்கும் இடையிலான தொடர்பை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். விளையாட்டின் விதிகள் உண்மையானவை, அவ்விதிகள் நிகழும் உலகமோ புனைவு என்பதே அவரது ஆய்வின் அடிப்படை.

2004இல் மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று, விளையாட்டைப் பகுத்துப் பார்ப்பதற்கு எளியதொரு முறையைத் தந்தது. விதி, ஆட்டப்போக்கு, அனுபவம் என்பனவே அம்மூன்று படிகள். இதனை விளங்கிக் கொள்ள நாம் மேல்நாட்டு விளையாட்டுகளைத் தேடிப்போக வேண்டியதில்லை, பல்லாங்குழி போதுமானது. இரு வரிசைகளில் ஏழேழாகப் பதினான்கு குழிகள், குழிகளில் முத்துகள், ஒரு குழியில் அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இடுதல், ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு' என எடுக்கப்படுதல் ஆகியவை விதிகள். அவ்விதிகளால் ஆடுபவர் முன்கூட்டியே எண்ணிப் பார்க்கிறார், எதிரியின் குழியை வெறுமையாக்க முயல்கிறார், இது ஆட்டப்போக்கு. அதனால் விளையும் பதற்றமும் களிப்பும் தோல்வியின் கூச்சமும் அனுபவம். இனி, நான்கு சேர்ந்தால் பசு என்பதை மூன்று சேர்ந்தால் என்று மாற்றிப் பாருங்கள். ஒரேயொரு விதி மாறியதும் ஆட்டத்தின் போக்கே மாறிவிடும். எந்த விதியை மாற்றினால் எந்த அனுபவம் மாறும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடியுமா? வடிவமைப்பு ஆய்வின் அடிப்படைக் கேள்வி இதுவே.

ஆய்வு என்பது எப்படி நிகழ்கிறது?

இத்துறையில் நிகழும் ஆய்வுகளைப் பொதுவாக நான்கு வகைகளாகப் பிரிக்கலாம். முதலாவது, விளையாட்டை ஒரு பண்பாட்டுப் படைப்பாகக் கொண்டு ஆராய்வது. இது கலைப்பீட மாணவருக்கு உரிய களம். இரண்டாவது, விளையாட்டு மனிதரிடத்தில் ஏற்படுத்தும் விளைவுகளை அளந்தறிவது. இது உளவியலையும் கல்வியியலையும் சார்ந்தது. மூன்றாவது, செயற்கை நுண்ணறிவு, வரைகலை போன்ற தொழில்நுட்பச் சிக்கல்களைத் தீர்ப்பது. நான்காவது, விளையாட்டை உருவாக்கும் செயலையே ஆய்வு முறையாகக் கொள்வது. அமெரிக்காவின் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஜெனோவா சென் என்ற சீன மாணவர் 2006ஆம் ஆண்டு தமது முதுமாணி ஆய்வேட்டை நான்காவது வகையிலேயே அமைத்தார். ஆடுபவரின் திறமைக்கேற்ப ஆட்டத்தின் கடினம் கூடிக் குறைய முடியுமா என்பது அவரது கேள்வி. அதனைச் சோதிக்கச் செய்த சிறு விளையாட்டு, அடுத்த ஆண்டே பெரு நிறுவனமொன்றின் விளையாட்டுச் சாதனத்தில் வெளிவந்தது.

இரண்டாவது வகைக்கு ஓர் உதாரணம், நம் நாட்டு மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் இளையோர் மருந்துகளை ஒழுங்காக உட்கொள்வதற்கு ஒரு விளையாட்டு உதவுமா என்பதை அறிய, அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் 34 மருத்துவ நிலையங்களில் 375 நோயாளரிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. 'ரீமிஷன்' என்ற அவ்விளையாட்டு ஒரு பகுதியினருக்கு வழங்கப்பட்டது. மற்றப் பகுதியினருக்கும் விளையாட்டுத்தான் வழங்கப்பட்டது. ஆனால் அது கடைகளில் விற்கும் சாதாரண விளையாட்டு மாத்திரமே. மாற்றம் ஏற்பட்டால் அது 'விளையாடியதால்' ஏற்பட்டதா, 'இந்த விளையாட்டை விளையாடியதால்' ஏற்பட்டதா என்பதைப் பிரித்தறியவே இந்த ஏற்பாடு. மருந்து உட்கொள்ளும் ஒழுங்கு மேம்பட்டது என 2008இல் வெளியான முடிவுகள் காட்டின. அதேவேளை மன அழுத்தத்திலோ வாழ்க்கைத் தரத்திலோ மாற்றம் காணப்படவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்காது பதிவு செய்தனர். ஆய்வுக்கும் விளம்பரத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மலையகத்தின் கேள்விகள்

அவ்வாறாயின் கண்டியையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்த ஒரு மாணவர் எழுப்பத்தக்க கேள்விகள் எவை? குறைந்தது மூன்றினை இங்கே எடுத்துக்காட்டலாம்.

முதலாவது, உயிர் சம்பந்தப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின்போது கண்டி மாவட்டம் மண்சரிவுகளால் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தது. எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் கிடைக்கவில்லை என்ற குறையும் அப்போது எழுப்பப்பட்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகள் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளைக் கொண்டவை. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 மில்லிமீற்றர் பெய்தால் ஆயத்தம், 150 மில்லிமீற்றர் பெய்தால் வெளியேற்றம் என்பது அதன் பொதுவான அளவுகோல். நிலத்தில் வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனத் தோன்றும் அல்லது வற்றிப்போகும் ஊற்று, கலங்கி வரும் நீர் என்பன முன்னறிகுறிகள். இவற்றைத் துண்டுப்பிரசுரத்தில் அச்சிட்டு விநியோகித்துவிடலாம். ஆனால் எந்த அறிகுறியைக் கண்டதும், எந்த நேரத்தில், எதனை விட்டுவிட்டு வீட்டை விட்டு இறங்குவது என்ற தீர்மானத்தைத் துண்டுப்பிரசுரம் பயிற்றுவிக்குமா? முன்கூட்டியே இறங்கினால் வீணான அலைச்சல், பிந்தி இறங்கினால் உயிராபத்து என்ற இக்கட்டில் ஆடுபவரை நிறுத்தி, மீண்டும் மீண்டும் தீர்மானிக்கச் செய்ய ஒரு விளையாட்டால் முடியும்.

அனர்த்தங்களைத் தடுப்பது பற்றிய விளையாட்டொன்றை ஐக்கிய நாடுகள் சபையின் நிறுவனமொன்று 2007இலேயே வெளியிட்டுள்ளது. ஆயினும் கலஹாவிலோ ஹந்தானையிலோ லயன் அறையில் வாழும் தமிழ்ப் பிள்ளைக்கும், சரிவில் அமைந்த முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைக்கும், அவர்களது மொழியில், அவர்களது நிலத்தோற்றத்தில் அமையும் விளையாட்டு எதனைக் கற்பிக்கும் என்பது வேறு கேள்வி. ஒரு பாடசாலையில் துண்டுப்பிரசுரமும் மற்றொன்றில் விளையாட்டும் கொடுத்து, சில மாதங்களின் பின்னர் மாணவர் எதனை நினைவில் வைத்துள்ளனர், வெளியேறும் வழியைச் சரியாகக் காட்டுகின்றனரா என்று ஒப்பிட்டால் அது ஆய்வாகும். அனர்த்தத்தில் உறவுகளை இழந்த பிள்ளைகளிடம் இதனைச் செய்யும்போது அவர்களது மனக்காயத்தைக் கிளறாதிருப்பது எப்படி என்பதற்கும் ஆய்வாளர் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது, மொழி சம்பந்தப்பட்டது. 'கொ' என்ற எழுத்தைக் கணினி ககரமாகவும் ஒகரக் குறியாகவுமே சேமித்து வைக்கிறது. திரையில் காட்டும்போது அக்குறியை இரண்டாகப் பிரித்து, ககரத்தின் முன்னே கொம்பையும் பின்னே காலையும் இடவேண்டும். கணினி விளையாட்டுகளை உருவாக்கப் பயன்படும் அடிப்படை மென்பொருள்களுட் பல ஆங்கில எழுத்தை மனத்திற்கொண்டே அமைக்கப்பட்டவை. ஆதலால் அவற்றிலே தமிழும் சிங்களமும் சிதைந்து தோன்றும் தொல்லை நீண்டகாலமாக இருந்து வந்துள்ளது. இலவசமாகக் கிடைக்கும் 'கொடோ' என்ற மென்பொருளின் நான்காம் பதிப்பு 2023இல் வெளிவந்தபோது இத்தகைய எழுத்துகளை முறைப்படி காட்டும் வசதி அதில் சேர்க்கப்பட்டது. ஆகவே கதவு இப்போது திறந்துள்ளது. வலமிருந்து இடமாக எழுதப்படும் அரபுத்தமிழை ஒரு விளையாட்டின் மூலம் இளந்தலைமுறைக்கு வாசிக்கப் பழக்க முடியுமா என்பது, முஸ்லிம் மாணவர் ஒருவர் எடுத்தாளத்தக்க அருமையான ஆய்வுப் பொருளாகும்.

மூன்றாவது, மரபு சம்பந்தப்பட்டது. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில், பத்தினித் தெய்வத்தின் பெயரால் மக்கள் இரு கட்சிகளாகப் பிரிந்து, கொளுவிய கோல்களை இழுத்து முறிக்கும் விளையாட்டை விவரித்துள்ளார். சிங்களவர் இதனை 'அங்கெலிய' என்பர். மட்டக்களப்புத் தமிழரிடையே கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டும் இதனோடு உறவுடையதே. பேராதனையிலே கற்பித்தவரும் 2025இல் மறைந்தவருமான மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர, 1984இல் வெளியான தமது பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் இவ்விளையாட்டை விரிவாக ஆராய்ந்துள்ளார். சிங்களவரின் 'ஒலிந்த கெலிய'வும் நமது பல்லாங்குழியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. விளையாட்டை ஆராய்வது புதுமையன்று, இந்த மண்ணிலேயே அதற்கு முன்னோடிகள் உண்டு என்பதை இவை உணர்த்துகின்றன. அப்பாசியர் காலத்திலே அல்அத்லி, அஸ்ஸூலி ஆகியோர் சதுரங்கத்தைப் பற்றித் தனி நூல்கள் இயற்றியதையும் இங்கே நினைவுகூரலாம்.

நடைமுறை வழி

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி, பாடநெறியோடு ஆய்வையும் கொண்ட முதுமாணிப் பட்டம் பத்தாம் மட்டத்திலும், முதுதத்துவமாணிப் பட்டம் பதினோராம் மட்டத்திலும், கலாநிதிப் பட்டம் பன்னிரண்டாம் மட்டத்திலும் வைக்கப்பட்டுள்ளன. ஆய்வு எதுவுமில்லாத முதுமாணிப் பட்டம் ஒன்பதாம் மட்டத்திற்குரியது. 'முதுமாணி' என்ற ஒரே பெயரில் இருவகைப் பட்டங்கள் இருப்பதைப் பலர் அறியாதிருக்கின்றனர். கட்டணம் செலுத்துமுன், தாம் சேரவிருப்பது எந்த மட்டத்துக்குரியது என்பதையும், பட்டத்தை வழங்கும் நிறுவனம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவால் ஏற்கப்பட்டதா என்பதையும் கேட்டறிவது கட்டாயமாகும்.

பேராதனையிலே இத்தகைய ஆய்வுக்கு வேண்டிய அறிவுகள் பல துறைகளில் பரந்து கிடக்கின்றன. பொறியியற் பீடத்தில் கணினிப் பொறியியல், விஞ்ஞான பீடத்தில் கணினி விஞ்ஞானமும் புவிச்சரிதவியலும், கலைப் பீடத்தில் தமிழ், உளவியல், கல்வியியல் ஆகிய துறைகள் உள்ளன. 1996இல் நிறுவப்பட்ட விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவனமும், மானிடவியல், சமூக விஞ்ஞானங்களுக்கான பட்டப்பின் படிப்பு நிறுவனமும் இங்குண்டு. பட்டத்தின் பெயரில் 'விளையாட்டு' என்ற சொல் இல்லையே எனக் கவலைப்படத் தேவையில்லை. ஆய்வுப் பட்டத்திலே ஒருவர் எந்தத் துறை வல்லுநர் என்பதை ஆய்வேடே காட்டும். மேலே கூறிய மண்சரிவு விளையாட்டுக்குக் கணினித் துறையில் ஒருவரும், கல்வியியலிலோ புவிச்சரிதவியலிலோ மற்றொருவருமாக இரு மேற்பார்வையாளர்கள் இருப்பது பெரும் பயன் தரும். வீட்டை விட்டுத் தொலைவு செல்ல இயலாத பெண் பிள்ளைகளுக்கும், தொழில் செய்து கொண்டே ஆய்வை மேற்கொள்ள நினைப்போருக்கும் அண்மையிலுள்ள பல்கலைக்கழகம் பெரும் வாய்ப்பாகும்.

வெளிநாடு செல்ல வசதியுள்ளோர் ஓர் உண்மையை மனத்திலிருத்த வேண்டும். முதுமாணிப் படிப்புக்குப் பெரும்பாலும் நாமே பெருந்தொகை கட்ட வேண்டியிருக்க, கலாநிதிப் பட்ட ஆய்வுக்குப் பல இடங்களில் உதவித்தொகை கிடைக்கிறது. டென்மார்க், நோர்வே, சுவீடன் போன்ற நாடுகளில் கலாநிதிப் பட்ட மாணவர் சம்பளம் பெறும் ஊழியராகவே பெரும்பாலும் நியமிக்கப்படுகிறார். பிரித்தானியாவில் யோர்க் பல்கலைக்கழகமும் ஏனைய சில பல்கலைக்கழகங்களும் இணைந்து 2014 முதல் விளையாட்டுத் துறைக்கெனக் கலாநிதிகளைப் பயிற்றுவித்து வந்துள்ளன. மோல்டாப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனவே ஒரு நிறுவனம் இயங்குகிறது. அயல்நாடான இந்தியாவில் தேசிய வடிவமைப்பு நிறுவனம், டிஜிற்றல் விளையாட்டு வடிவமைப்பில் முதுநிலைப் பட்டம் வழங்குகிறது. பேராதனையில் ஒரு சிறு ஆய்வை முடித்து, ஒரு கட்டுரையையேனும் வெளியிட்டபின் இவ்விடங்களுக்கு விண்ணப்பிப்பவரின் நிலை, வெறுங்கையோடு விண்ணப்பிப்பவரின் நிலையைவிட உறுதியானது.

பெற்றோரின் அச்சம்

பெற்றோரின் அச்சத்தை நாம் புறந்தள்ளவில்லை. கட்டுப்பாடின்றி விளையாட்டுக்கு அடிமையாதலை உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்கப்பட்ட தனது நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அது 2022இல் நடைமுறைக்கு வந்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டிகளைப் பணம் கொடுத்துத் திறக்கச் செய்யும் முறை சூதாட்டமே எனப் பெல்ஜிய நாட்டின் சூதாட்ட ஆணையகம் 2018இல் முடிவு செய்தது. சூது எந்த வடிவில் வந்தாலும் விலக்கப்பட்டது என நம்பும் முஸ்லிம் பெற்றோருக்கும், சூதினால் நாடிழந்த கதையைக் கேட்டு வளர்ந்த தமிழ்ப் பெற்றோருக்கும் இச்செய்தி வியப்பளிக்காது. ஆனால் பிள்ளையின் கை எதற்காகத் திரும்பத் திரும்பத் திரையை நாடுகிறது, எந்த விதி அதனைத் தூண்டுகிறது என்பதை வெளிப்படுத்தக்கூடியவர் வடிவமைப்பைக் கற்றவரே. நஞ்சைப் பற்றி அறியாத வைத்தியரால் நஞ்சு முறிக்க இயலாது.

தொழில் பற்றியும் ஒளிவுமறைவின்றிக் கூறியாக வேண்டும். விளையாட்டு நிறுவனமொன்றில் வேலை பெறுவதற்கு ஆய்வுப் பட்டம் அவசியமன்று. செய்து காட்டிய விளையாட்டுகளையே அவர்கள் பார்ப்பர். அத்தோடு 2023, 2024 ஆகிய ஒவ்வோர் ஆண்டிலும் உலகளவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இத்துறையில் வேலை இழந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. வேலை மாத்திரமே நோக்கமெனில் இப்பட்டம் நீண்ட சுற்றுவழி. விரிவுரையாளராகவோ, கல்வி, சுகாதாரம், அனர்த்த முகாமைத்துவம் ஆகிய துறைகளில் ஆய்வாளராகவோ பணியாற்ற விரும்புவோருக்கே இது உரிய வழியாகும்.

கண்டியில் 1838இல் பிறந்த வழக்கறிஞர் அறிஞர் சித்தி லெப்பை, 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்திக் கொண்டிருந்த காலத்தில், 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்னும் நாவலை வெளியிட்டார். நாவல் என்பது அன்று தமிழுக்கு வந்து சில ஆண்டுகளே ஆன அந்நிய வடிவம். கதை வாசித்துப் பிள்ளைகள் கெட்டுப்போவர் என்ற குரல் பல நாடுகளிலும் ஒலித்த காலமும் அதுவே. ஆயினும் அவ்வடிவத்தைத் தமது சமூகத்தின் தேவைக்காக அவர் கையாண்டார். ஈழத்துத் தமிழ் நாவல் வரலாறு இன்று அவரிலிருந்தே தொடங்குகிறது. கணினி விளையாட்டு இக்காலத்தின் புதிய வடிவம். அதனை மற்றவர் செய்து தர நாம் வாங்கி ஆடிக்கொண்டே இருப்பதா, நமது பிள்ளைகளின் மொழியிலும் மலையின் பாதுகாப்புக்காகவும் நாமே அதனை ஆளக் கற்பதா என்பதை இன்றைய பட்டதாரிகளே தீர்மானிக்க வேண்டும்.

இவ்வழியில் செல்ல விழையும் மாணவர் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. தமது கேள்வி என்ன, அது யாருக்குப் பயன்படும், அதற்கு ஒரு விளையாட்டு ஏன் தேவை, விடை சரியானதென எவ்வாறு அறியப்படும் என்னும் நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். அந்தப் பக்கம் நிரம்பியபின் பேராதனையில் பொருத்தமான பேராசிரியர் ஒருவரை அணுகட்டும். பெற்றோரும் அதனை ஒருமுறை வாசித்துப் பார்த்தபின் தமது முடிவைக் கூறுவார்களாக.